ஒருநாள் நடைக்கு சாட்பாட்: எதை அதனிடம் கேட்கலாம், எதை மேப்பிடம் விடவேண்டும்

கேள்வி இது: "காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி, கூட்டம் இல்லாத இடங்களும் நடைபாதைகளும் தேடுகிறேன். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால் எல்லாரும் போகும் இடங்களையே வரிசைப்படுத்துகிறது. 'யாருக்கும் தெரியாத இடம் வேண்டும்' என்று வற்புறுத்தினால், மேப்பில் எங்குமே இல்லாத அருவியைச் சொல்கிறது. இதை உருப்படியாகப் பயன்படுத்த வழி உண்டா?"

உண்டு. ஆனால் "எங்கே போகலாம்?" என்று கேட்பதை முதலில் விட வேண்டும். சாட்பாட்டுக்கு மிகவும் பழகிய கேள்வி அது. அதனால்தான் பதிலும் தேய்ந்து வருகிறது.

இந்த மாடல்கள் எழுத்திலிருந்து கற்றவை. பல்லாயிரம் பக்கங்களில் எழுதப்பட்ட ஏரி சட்டென்று நாவில் வரும். மூன்றே பக்கங்களில் வந்த பழைய கால்வாய்க் கரை அதன் நினைவில் தடமே பதித்திருக்காது. நீங்கள் தேடுவது இரண்டாவது வகை. ஆக, அது மிகக் குறைவாக அறிந்த பகுதியில்தான் நீங்கள் மிக அதிகமாகக் கேட்கிறீர்கள்.

"அதிகம் அறியப்படாத", "மறைந்திருக்கும் ரத்தினம்" போன்ற சொற்கள் நிலைமையை இன்னும் கெடுக்கும். இணையத்தில் அந்தச் சொற்கள் எங்கே வருகின்றன? "நீங்கள் அறியாத 15 இடங்கள்" வகைக் கட்டுரைகளின் தலைப்பில். அந்தச் சொல்லை நீங்கள் போட்டதும் அந்தக் கட்டுரைகளின் இடங்களே வந்து விழும். அவை பத்து வருடமாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் ரகசியங்கள். அதற்கு மேலும் நெருக்கினால் சாட்பாட் உருட்ட ஆரம்பிக்கும். நிஜமான ஒரு மலைப் பெயரை எடுத்து, அதோடு 'பள்ளத்தாக்கு', 'அருவி', 'குகை' என்று ஒன்றை ஒட்டும். பாதி உண்மை என்பதால் பெயர் நம்பும்படியே இருக்கும். 2025-இல் பிபிசி வெளியிட்ட செய்தி ஒன்றில், பெரு நாட்டில் 'ஹுமன்டாயின் புனிதப் பள்ளத்தாக்கு' என்ற இடத்துக்குத் தனியே கிளம்பிய பயணிகளை உள்ளூர் வழிகாட்டி ஒருவர் தடுத்தது வந்திருந்தது. ஹுமன்டாய் நிஜம், அந்தப் பெயரில் மலையும் ஏரியும் உண்டு. அப்படி ஒரு பள்ளத்தாக்குதான் இல்லை. ஆண்டீஸ் உயரத்தில் இல்லாத இடத்தைத் தேடி அலைவது வெறும் ஏமாற்றத்தோடு போகிற விஷயம் அல்ல.

சாட்பாட்டிடம் நிஜமாகவே இருக்கும் திறமைகள் இரண்டு. ஒன்று, உலகில் என்னென்ன வகைப் பொருட்கள், அமைப்புகள் இருக்கின்றன, அவற்றை எந்தெந்தச் சொல்லால் தேடலாம் என்பது அதற்குத் தெரியும். இரண்டு, நீங்கள் கொடுக்கும் எழுத்தை வாசித்து வடிகட்டித் தரும். இடம் இருக்கிறதா, பாதை போகிறதா, இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்ற மூன்றும் அதன் வேலை இல்லை. அவை மேப்பும் கால அட்டவணையும் சொல்ல வேண்டியவை. கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிவினையிலிருந்து வருவதுதான்.

இடத்தைக் கேட்காமல் வகையைக் கேளுங்கள்

முதல் சுற்றில் ஊர்ப் பெயரே வேண்டாம். நிலத்தின் தன்மையை மட்டும் சொல்லுங்கள்: ஆற்றுச் சமவெளியா, சுண்ணாம்புக்கல் மேடா, பழைய சுரங்கப் பகுதியா, கடலோரமா, தொழிற்சாலைகள் மூடிப்போன நகர விளிம்பா. பிறகு, "இப்படிப்பட்ட நிலத்தில் நடந்து பார்க்கத் தகுந்த, சுற்றுலாப் பட்டியலில் பொதுவாக இடம்பெறாத 25 வகை அமைப்புகளைச் சொல். ஒவ்வொன்றும் மேப்பில் எந்தப் பெயரில், எந்தக் குறியீட்டில் இருக்கும் என்றும் சொல்" என்று கேளுங்கள்.

வரும் பட்டியல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்: கைவிடப்பட்ட ரயில் தடம், கால்வாய்க் கரை, நில அளவைத் தூண், எல்லைக் கல், மூடிய கல் குவாரி, ஊற்று, இரு ஆறுகள் கூடும் இடம், பழைய பாலம், கலங்கரை விளக்கம், நீர்ப்பிரிமேட்டு விளிம்பு, இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கும் கோடு. இங்கே அது உருட்ட வாய்ப்பு குறைவு. ஏனென்றால் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றி அது எதையும் சாதிக்கவில்லை.

இவற்றில் நடைக்கு மிகவும் ஏற்றவை நீளவாக்கில் கிடக்கும் அமைப்புகள்தான். புள்ளியைத் தேடிப் போனால் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். கோட்டைப் பிடித்தால் கோடே பாதை ஆகிவிடும். பழைய ரயில் தடம் செங்குத்தாக ஏறாது. ரயிலால் ஏற முடியாததால் தடத்தைச் சுற்றி வளைத்தே போட்டிருப்பார்கள். கால்வாய்க் கரை கிட்டத்தட்ட சமதளம். முழங்கால் வலி உள்ளவரையும் கூட்டிப்போகலாம். இரண்டிலும் கெடுவது ஒரே இடத்தில்: பாலம். தண்டவாளத்தை எடுத்தபோது இரும்புப் பாலத்தையும் எடுத்திருப்பார்கள், அல்லது வெள்ளம் கொண்டுபோயிருக்கும். தடம் தொடர்ச்சியாக இருக்கிறது என்று சாட்பாட் சொல்லும். ஆற்றங்கரையில் போய் நின்றால் இரண்டு தூண்கள் மட்டும் இருக்கும். எனவே கோடு நீரைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சுரங்கப்பாதை உள்ள இடங்களும் அப்படித்தான். வாய் அடைக்கப்பட்டிருப்பது வானத்திலிருந்து தெரியாது, தரையில் எடுத்த படம் வேண்டும்.

வட்டம் வேண்டாம், தடம் போதும்

"என் ஊரிலிருந்து 80 கி.மீ. சுற்றளவில்" என்று கேட்பது வழக்கம். சாட்பாட் மனதில் மேப் எதுவும் இல்லை. தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். மேப் வசதி இணைக்கப்படாத சாட்பாட் 60 கி.மீ. என்று சொன்னது நிஜத்தில் 110 ஆக இருப்பது சகஜம். அதைவிட, உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் ஒரு ரயில் அல்லது பேருந்துத் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தடத்தின் நிலையங்களை அதிகாரப்பூர்வ அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். அதன் நினைவிலிருந்து எழுதச் சொன்னால் இடையில் ஒன்றிரண்டை விட்டுவிடும், இல்லாத ஒன்றைச் சேர்க்கும். பிறகு, "இந்த நிலையங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் 2 கி.மீ.க்குள்" என்று கேளுங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. ஒரு நிலையத்தில் இறங்கி, நடந்து, அடுத்ததற்கு அடுத்த நிலையத்தில் ஏறலாம். வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. சின்ன நிலையங்களைச் சுற்றித்தான் யாரும் எழுதாத நடைகள் கிடக்கின்றன, ஏனென்றால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்கள்.

கேள்வியை இப்படி அமைக்கலாம்:

"நான் ஒட்டியுள்ள நிலையப் பட்டியலை மட்டும் பயன்படுத்து. ஒருவழிப் பயணம் 90 நிமிடத்துக்குள். நடை 10 முதல் 14 கி.மீ., மொத்த ஏற்றம் 450 மீட்டருக்குள். போகும் மாதம் இது, வெளிச்சம் இத்தனை மணி வரை. ஒருவர் வெயில் தாங்கமாட்டார், அதனால் பாதியாவது நிழல் வேண்டும். முதலில், இந்தத் தடத்தில் எல்லாரும் பரிந்துரைக்கும் பத்து இடங்களை எழுது. அவற்றை விலக்கிவிட்டு, மேலே நாம் பேசிய வகைகளில் பொருந்தக்கூடிய 15 இடங்களைச் சொல். ஒவ்வொன்றுக்கும்: உள்ளூர் எழுத்தில் பெயர், அருகிலுள்ள குடியிருப்பு, எந்த வகை, அங்கே போகாமலிருக்க ஒரு காரணம். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் பெயர் போடாதே, வகையையும் தேட வேண்டிய பகுதியையும் மட்டும் சொல்."

இதில் மூன்று வரிகள்தான் வேலை செய்கின்றன, மற்றவை எல்லாரும் எழுதுவதே. 'பத்து இடங்களை முதலில் எழுது' என்பது பிரபலங்களை மேசைமேல் கொண்டுவந்துவிடும். சும்மா 'பிரபலமானவை வேண்டாம்' என்றால் எதை விலக்குவது என்று அதற்குப் பிடிபடாது. எழுதிய பிறகு விலக்கச் சொன்னால் விலக்கும். 'போகாமலிருக்க ஒரு காரணம்' என்பது சுற்றுலா விளம்பர நடையை உடைக்கும். 'பெயர் போடாதே' என்ற அனுமதி இல்லாவிட்டால், 15 கேட்டதற்காகவே 15 பெயர் தரும். அதில் கடைசி ஐந்து கற்பனையாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டத்தான் உருட்டும் கூடும்.

உள்ளூர் எழுத்தில் பெயர் கேட்பது அலங்காரத்துக்கு அல்ல. வேற்று மொழி பேசும் பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் நீங்கள் தமிழிலேயே கேட்கலாம், ஆனால் தேடலை அந்தப் பகுதியின் மொழியில் செய்யச் சொல்லுங்கள். சின்ன இடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். உள்ளூர் மொழியில் மலையேற்றச் சங்கத்தின் பக்கம், நகராட்சி அறிவிப்பு, பள்ளி ஆசிரியர் எழுதிய ஊர் வரலாறு எல்லாம் இருக்கும்.

சாட்பாட்டுக்கு எழுத்தைக் கொடுத்து வேலை வாங்குவது நினைவிலிருந்து கேட்பதைவிடப் பல மடங்கு நம்பகமானது. விக்கிவாயேஜ் என்ற இலவசப் பயணக் கையேட்டுத் தளத்தின் வட்டாரப் பக்கம், பேருந்து அட்டவணை பிடிஎஃப், பழைய மாவட்ட விவரக் கையேட்டின் ஸ்கேன் இவற்றை ஏற்றி, "இதில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் சொல்" என்று கேளுங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கையேட்டில் வரும் சத்திரம், படித்துறை, சாலை இவற்றைப் பொறுக்கி எடுக்க மனிதனுக்கு ஒரு நாள் ஆகும், இதற்கு ஒரு நிமிடம். அவற்றில் எது இன்றும் நிற்கிறது என்பது தனிக் கேள்வி.

இடத்தைத் தர வேண்டாம், தேடலை எழுதித் தரட்டும்

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் தொடங்கிய, பலரும் சேர்ந்து வரையும் இலவச உலக மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் குறிச்சொல் இருக்கிறது: ஊற்று, காட்சிமுனை, இடிபாடு, பழைய ரயில் தடம், நில அளவைப் புள்ளி, ஒற்றையடிப் பாதை என்று. ஓவர்பாஸ் டர்போ என்ற இணையதளத்தில் ஒரு சின்ன நிரல் கொடுத்தால், திரையில் தெரியும் பகுதிக்குள் அந்தக் குறிச்சொல் உள்ள எல்லாவற்றையும் புள்ளி வைத்துக் காட்டும். அந்த நிரலை எழுதத்தான் பலருக்குத் தெரியாது. சாட்பாட்டுக்குத் தெரியும்.

முறை இதுதான். மேப்பை உங்கள் தடத்தின் ஒரு துண்டுக்கு, சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு, நகர்த்திப் பெரிதாக்குங்கள். சாட்பாட்டிடம், "ஓவர்பாஸ் டர்போவுக்கு நிரல் எழுது. திரையில் தெரியும் எல்லைக்குள், கைவிடப்பட்ட ரயில் தடங்கள், ஊற்றுகள், வரலாற்று இடிபாடுகள், காட்சிமுனைகள் வேண்டும்" என்று கேளுங்கள். தருவதை ஒட்டி, இயக்குங்கள். வரும் புள்ளியைத் தொட்டால் விவரம் விரியும். வந்தவற்றை ஜிபிஎக்ஸ் கோப்பாக (புள்ளிகளையும் தடங்களையும் மேப் செயலிகள் படிக்கும்படி சேமிக்கும் வடிவம்) ஏற்றுமதி செய்து போனில் போட்டுக்கொள்ளலாம்.

கெடும் இடங்கள் நான்கு. பகுதி பெரிதானால் நேரம் கடந்துவிட்டது என்று நிற்கும், அப்போது எல்லையைச் சுருக்குங்கள். ஒன்றுமே வராவிட்டால், நிரல் 'நோட்' எனும் தனிப்புள்ளிகளை மட்டும் தேடியிருக்கலாம். இடிபாடும் குவாரியும் பரப்பாக, அதாவது 'வே' அல்லது 'ரிலேஷன்' வடிவில் வரையப்பட்டிருக்கும். மூன்றையும் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் வந்தும் மேப்பில் தெரியாவிட்டால், பரப்பின் மையப்புள்ளியை வெளியிடும் கட்டளை விடுபட்டிருக்கும். நான்காவது, சாட்பாட் குறிச்சொல்லையே கற்பனை செய்திருக்கும். டேக்இன்ஃபோ தளத்தில் அந்தக் குறிச்சொல்லைத் தேடினால் உலகம் முழுக்க அது எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது என்று காட்டும். பூஜ்யம் அல்லது விரல்விட்டு எண்ணும்படி இருந்தால் சொல் தவறு.

இங்கே வேலையின் திசையே மாறிவிடுகிறது. சாட்பாட் தப்பு செய்தால் நிரல் ஓடாது, அல்லது வெறுமையாக வரும். தப்பு உடனே கண்ணில் படும். இல்லாத அருவியை உருவாக்க இந்த வழியில் இடமே இல்லை. மேப்பில் யாரோ ஒருவர் குறித்த பொருள்தான் வரும். அவரும் தப்பாகக் குறித்திருக்கலாம் என்பது வேறு.

புள்ளிகள் வந்த பிறகு அவற்றின் பட்டியலை மறுபடி சாட்பாட்டிடம் ஒட்டி, "இவற்றில் ஒரே நடையில் கோர்க்கக்கூடியவை எவை?" என்று கேட்கலாம். யோசனை தரும், தூரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

இருக்கிறதா என்று பார்ப்பது

சாட்பாட் பெயராகச் சொன்ன இடங்களை அதனிடமே உறுதி செய்ய முயலாதீர்கள். "அந்த அருவியைப் பற்றி இன்னும் சொல்" என்றால் உயரம், சிறந்த மாதம், உள்ளூர்க் கதை எல்லாம் சேர்த்துச் சொல்லும். நீங்கள் கேட்ட விதமே அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டது. கேட்டே ஆகவேண்டுமென்றால் புதிய உரையாடலைத் திறந்து, "இந்த வட்டாரத்தில் இந்தப் பெயரில் ஏதாவது உண்டா, இல்லை என்றால் இல்லை என்று சொல்" என்று கேளுங்கள். முதல் உரையாடலுக்கும் இதற்கும் வட்டாரமோ ஆறோ மாறினால் அந்தப் பெயரைக் கைவிடலாம்.

ஆயத்தொலைவு எண்கள் ஏமாற்றும். ஆறு தசம இடங்களோடு தருவதால் அளந்து சொன்னதுபோல் தோன்றும். அட்சரேகையில் இரண்டு தசமம் என்றால் சுமார் 1.1 கி.மீ. நுணுக்கம், மூன்று என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர். ஆறு தசமம் என்பது அரைச் சாண் கணக்கு, அருவிக்கு அது யாருக்கும் தெரியாது. மேப்பில் ஒட்டிப் பாருங்கள். வயலின் நடுவிலோ ஏரிக்குள்ளோ விழுந்தால் இட்டுக்கட்டிய எண். வேறு கண்டத்தில் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும், மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு தளங்கள் சொல்கின்றன என்பது இரண்டு சாட்சி ஆகாது. ஏஐ எழுதிய பயணப் பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுகின்றன. இணையத்தில் தேடும் சாட்பாட் அவற்றைப் படித்துவிட்டு, இணைப்போடு உங்களுக்கு உறுதி சொல்லும். சாட்சி என்பது தேதியோடு தரையில் எடுத்த படம், யாரோ நடந்து பதிந்த ஜிபிஎஸ் தடம், அரசு நில அளவை வரைபடம், அந்த இடத்தை நிர்வகிக்கும் துறையின் பக்கம் இவற்றில் இரண்டு.

பாதை இருப்பதும் அதில் போகலாம் என்பதும் வேறு வேறு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'தனியார்' என்ற அணுகல் குறிச்சொல் இருந்தால் போகக்கூடாது. குறிச்சொல்லே இல்லை என்றால் யாரும் பதியவில்லை என்றுதான் பொருள், அனுமதி உண்டு என்று பொருள் இல்லை. மலைப் பகுதியில் சுவிஸ் ஆல்பைன் கிளப் என்ற மலையேற்றச் சங்கத்தின் ஆறு படி கடினத்தன்மை அளவுகோலைச் சில பாதைகளில் குறித்திருப்பார்கள். பழக்கமில்லாதவர் முதல் இரண்டு படிகளோடு நிற்பது நல்லது. மூன்றாம் படியிலேயே சமநிலைக்குக் கையூன்ற வேண்டியிருக்கும்.

வழியை வரைவது

சாட்பாட்டிடம் ஜிபிஎக்ஸ் கோப்பு கேட்டால் தரும். திறந்து பார்த்தால் பத்து இருபது புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்திருக்கும். அந்தக் கோடு ஆற்றின் மேலும் வீட்டுக் கூரை மேலும் போகும். 'இடது பக்கம் திரும்பி 300 மீட்டர்' வகை வழிகாட்டலும் அதே ரகம். வழியை மேப் மென்பொருளில் நீங்களே வரையுங்கள். பிரவுட்டர், கொமூட் போன்றவை புள்ளிகளைக் கொடுத்தால் மேப்பில் உள்ள பாதைகளின் வழியே ஒட்டிச் செல்லும், ஏற்ற இறக்கமும் காட்டும்.

மேப் செயலியையும் கண்ணை மூடி நம்ப வேண்டியதில்லை. 2021-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக்கு கூகுள் மேப்ஸ் காட்டிய நடைவழி உயிருக்கு ஆபத்தானது என்று அங்குள்ள மலையேற்ற அமைப்பு எச்சரித்தது. அருகிலுள்ள வண்டி நிறுத்தத்திலிருந்து உச்சிக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தது. அந்த வழி தேர்ந்த மலையேறிகளுக்கே கடினம். புள்ளிக்கோடு என்பது பல செயலிகளில் 'இங்கே பாதை தெரியவில்லை, நேராகக் கோடு போட்டேன்' என்பதன் நாகரிகமான வடிவம்.

நேரத்தை நீங்களே கணக்கிடுங்கள், இது இரண்டு வரி வேலை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. 14 கி.மீ., 450 மீட்டர் ஏற்றம் என்றால், 2 மணி 48 நிமிடம், அதோடு 45 நிமிடம், ஆக 3 மணி 33 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் தெம்பானவரின் கணக்கு. ஓய்வு, படம் எடுப்பது, வழி தேடுவது என்று நாலில் ஒரு பங்கு சேர்த்தால் நாலரை மணி. குழந்தைகளோ கடும் வெயிலோ முள் மூடிய பாதையோ என்றால் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். யாரும் போகாத பாதை என்றால் பெரும்பாலும் முள் மூடியதுதான், இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மொத்த ஏற்றம் செயலிக்குச் செயலி மாறும், பயப்பட வேண்டாம். பல செயலிகளின் அடிப்படை, 2000-இல் எண்டெவர் விண்ணோடம் ராடாரில் அளந்த உயரத் தரவு. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். சின்ன மேடு பள்ளங்கள் அதற்குள் மழுங்கிவிடும், ஒவ்வொரு செயலியும் மழுங்கலை வேறு விதமாகச் சரிசெய்யும். இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்பாட்டிடம் உயரக்கோட்டு வரைபடத்தின் படத்தைக் கொடுத்து ஏற்றம் கேட்பது வீண். எழுத்தைப் படிக்கும், கோடுகளை எண்ணத் தடுமாறும். ஆனால் பாதை முனையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் நன்றாகச் செய்யும். 'வேட்டைக்காலம், நுழையாதீர்' என்று எழுதியிருக்கலாம்.

நேரம், பருவம், கடைசி வண்டி

மாறக்கூடிய எந்த விவரத்தையும் சாட்பாட் வாயிலிருந்து எடுக்காதீர்கள்: திறக்கும் நேரம், அனுமதிச் சீட்டு, காட்டுத்தீத் தடை, கடல் ஏற்றம், கடைசிப் பேருந்து. 2025-இல் வந்த ஒரு செய்தியில், ஜப்பானின் இட்சுகுஷிமா தீவில் மிசென் மலையுச்சியில் இறங்குவதற்காக ஒரு தம்பதி காத்திருந்தார்கள். சாட்ஜிபிடி சொன்ன ரோப்வே நேரத்தை நம்பியிருந்தார்கள். ரோப்வே ஏற்கெனவே மூடியிருந்தது.

இணையத் தேடலை இயக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இணைப்பைத் திறந்து, அந்த வாக்கியம் உண்மையில் அங்கே இருக்கிறதா, பக்கம் எந்த வருடத்தது, அந்த அட்டவணை வார நாளுக்கா ஞாயிற்றுக்கிழமைக்கா என்று பாருங்கள். சின்ன ஊர்களில் ஞாயிறு வண்டி பாதியாகக் குறையும், அல்லது இருக்காது.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசி வண்டி 6:10-க்கு என்றால், அதற்கு முந்தைய வண்டிதான் உங்கள் வண்டி. அது 5:00 மணி என்று வையுங்கள். நடை 4:30-க்குள் முடிய வேண்டும், நாலரை மணி நேரம் கழித்தால் நண்பகல் 12:00, அதுவே நடை தொடங்குவதற்கான கடைசி நேரம். வண்டி தாமதமாகி 12:45-க்குத்தான் இறங்குகிறீர்கள் என்றால் அதற்காகக் குறுக்கு வழி ஒன்றை முன்பே வரைந்து வைத்திருக்க வேண்டும். 'பாதியில் விலகி சாலைக்கு வரக்கூடிய இடங்கள் எவை' என்பதை மேப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பருவம் பற்றி சாட்பாட் பொதுப்படையாகவே பேசும். 2025 வசந்தத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சாட்ஜிபிடியும் கூகுள் மேப்ஸும் வைத்துத் திட்டம் போட்ட இருவர், கீழே வெயில் இருந்ததால் சாதாரண ஷூவோடு ஏறி, மேலே பனியில் சிக்கினார்கள். மீட்புக் குழு பூட்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து இறக்கியது. மலையின் பெயர் அன்னெசசரி மவுண்டன், அதாவது தேவையில்லாத மலை. இதில் நான் பைத்தியக்காரத்தனம் எதையும் பார்க்கவில்லை. அடிவாரத்து வானிலையைக் கேட்டால் அடிவாரத்து வானிலைதான் வரும். உச்சியின் உயரத்தைச் சொல்லி அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பை வானிலைத் தளத்தில் பார்க்க வேண்டும்.

"இது பாதுகாப்பானதா?" என்று சாட்பாட்டிடம் கேட்காதீர்கள். நீங்கள் விரும்பும் பக்கமே சாயும் குணம் அதற்கு. "இந்த நடை கெட்டுப்போனது என்று வைத்துக்கொள். கெட்டதற்கான எட்டுக் காரணங்களை, நடக்க வாய்ப்புள்ள வரிசையில் எழுது. ஒவ்வொன்றையும் நான் எங்கே சரிபார்க்கலாம் என்றும் சொல்" என்று கேளுங்கள். இதற்கு நல்ல பதில் வரும். ஆற்றில் நீர் ஏறுவது, நாய், மின்வேலி, தண்ணீர் கிடைக்காதது, திரும்பும் வண்டி ஓடாதது என்று நீங்கள் மறந்ததையும் சேர்த்துச் சொல்லும்.

கிளம்பும் முன் அந்தப் பகுதியின் மேப்பை ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்அண்ட் செயலியில் இறக்கி வைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சாட்பாட் செய்யாது. அதனோடு பேசியதில் தேவையானதைத் தனிக் குறிப்பாக நகலெடுத்து போனிலேயே சேமியுங்கள். புறப்படும் இடமாக வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டியதே இல்லை, பக்கத்து நிலையத்தின் பெயர் போதும்.

பறவைகள் கூடு கட்டும் பாறை, பாசி மூடிய ஊற்று போன்றவை தெரியாமல் இருப்பதாலேயே பிழைத்திருப்பவை. அங்கே எடுத்த படத்தைப் பொதுவெளியில் போட்டால் இடக்குறியை நீக்கிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் கால் மணி நேர வேலை இருக்கிறது. பாலம் இல்லை, வழியில் பூட்டிய கதவு, ஊற்று வறண்டுவிட்டது என்று கண்டதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த இடத்திலேயே குறிப்பாக இடலாம், மேப்பைத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வரம்புகளை எழுதிய கேள்வியையும், வேலை செய்த ஓவர்பாஸ் நிரலையும் ஒரே கோப்பில் சேமித்து வையுங்கள். அடுத்த முறை நிலையப் பட்டியலையும் மாதத்தையும் மாற்றினால் போதும், மற்றது அப்படியே ஓடும்.